சுவரில் ஊரும் கூடு முதல் கட்டுவிரியன் வரை: வாசகர் கேள்வி பதில்

மழை தொடங்கியதும் சென்னை வாசகர்களிடமிருந்து பூச்சி, பாம்பு பற்றிய கேள்விகள் வரிசையாக வருகின்றன. அநேகமாக எல்லாமே "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் முடிகின்றன. வந்திருப்பது எது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பல நேரம் மருந்தே வேண்டியிருக்காது. வேண்டியிருந்தால் எங்கே அடிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

சுவரில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் துணுக்கு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறது. பெருக்கித் தள்ளினாலும் இரண்டு நாளில் வேறு இடத்தில் வந்துவிடுகிறது. சில சமயம் நகரவும் செய்கிறது. இது என்ன?
– வாசகி, கோடம்பாக்கம்

அது ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு. நீங்கள் பார்ப்பது அதன் கூடு. வெள்ளரி விதை வடிவில், ஏறக்குறைய ஒரு செ.மீ. நீளத்தில், தட்டையாக இருக்கும். உள்பக்கம் பட்டு நூலால் நெய்து, வெளியே மணல், சுண்ணாம்புப் பொடி, துணிப் பிசிறு என்று கிடைத்ததை ஒட்டிக்கொள்ளும். இரண்டு முனையிலும் வாய் உண்டு. புழு உள்ளேயே திரும்பி எந்த முனை வழியாகவும் தலையை நீட்டும். தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே விட்டு, கூட்டை இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் அந்தக் கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிச் சாம்பல் நிற அந்தாக வெளியே வரும்.

அதன் உணவு பழைய ஒட்டடை, உதிர்ந்த தலைமுடி, செத்த பூச்சிகளின் உடல், கம்பளி. ஆகவே சுவரில் இருப்பதை மட்டும் எடுத்துப் போட்டால் பயன் இல்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மின்விசிறிக் கிண்ணத்தைச் சுற்றி, கதவின் மேல் விளிம்பில் இருக்கும் ஒட்டடையை வாரம் ஒருமுறை எடுங்கள். கூடுகளைக் குப்பைக்கூடையில் போட்டால் ஊர்ந்து வெளியே வந்துவிடும். ஒரு கப் தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து அதில் போடுங்கள். ஈரம் கோத்த சுவர் இதற்குப் பிடித்த இடம் என்பதால் குளியலறையை ஒட்டிய சுவரில்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஒரு தலைமுறை முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை விடாமல் ஒட்டடை எடுத்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். கடிக்காது, கொட்டாது. பூச்சி ஸ்பிரே கூட்டுக்குள் சரியாகப் போவதில்லை. அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி மொய்த்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் தீப்பந்தம் வைத்துக் கொளுத்துகிறார்கள். அதுதான் வழியா?
– வாசகர், அம்பத்தூர்

கொளுத்தினால் புழு சாகும். ஆனால் பட்டை கருகும், உடைந்த மயிர் காற்றில் பறந்து அருகில் இருப்பவர்களின் கண்ணிலும் கழுத்திலும் படும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் இது வேண்டாம்.

இந்தப் புழுக்கள் இரவில் ஏறி இலையைத் தின்னும், பகலில் இறங்கி அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். கூட்டமாக இருக்கும் பகல்தான் நமக்குச் சாதகமான நேரம். உரக்கடையில் மீன் எண்ணெய் சோப்பு கிடைக்கும். லிட்டருக்கு 25 கிராம் கரைத்து, கூட்டம் முழுக்க நனையும்படி தெளியுங்கள். வெறும் தண்ணீரோ, சோப்பு சேராத வேப்பெண்ணெயோ அடர்ந்த மயிரில் ஒட்டாமல் வழிந்துவிடும். பலர் "தெளித்தும் சாகவில்லை" என்பதற்குக் காரணம் இதுதான். கீழே விழுந்தவற்றை முறத்தால் அள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி மூன்றும் அவசியம்.

மழை நின்ற பிறகு மரத்தடி மண்ணைக் கிளறிவிடுங்கள். கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கும். கிளறினால் காக்கையும் மைனாவும் பொறுக்கிவிடும். இலையில் மொத்தையாக முட்டை தெரிந்தால் அந்தக் காம்பையே ஒடித்து எடுத்துவிடுங்கள்.

மயிர் தோலில் பட்டால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். செல்லோ டேப்பை ஒட்டி உரியுங்கள். புதுப்புதுத் துண்டாக நாலைந்து முறை செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, பனிக்கட்டி ஒற்றடம் கொடுங்கள். கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது. உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

இரவு படுத்தவருக்குக் காலையில் கழுத்தில் கோடு போட்டது போல் சிவந்து, மறுநாள் கொப்புளம் வந்தது. எட்டுக்கால் பூச்சி சிறுநீர் கழித்துவிட்டது என்கிறார்கள். அக்கி எழுத வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.
– வாசகி, வேளச்சேரி

சிலந்தி மேல் பழி போட வேண்டாம். சிலந்தியால் இப்படிக் கோடு வராது. மழைக்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு மெல்லிய வண்டு. ஒரு செ.மீ.க்கும் குறைவான நீளம், கறுப்புத் தலை, ஆரஞ்சு மார்பு, நடுவில் கருநீலப் பட்டை, பின்பு மறுபடி ஆரஞ்சு, நுனி கறுப்பு. இறக்கை உறை மிகக் குட்டையாக இருப்பதால் பார்த்தால் எறும்பு என்றே தோன்றும். 'ஆசிட் பூச்சி' என்று சிலர் சொல்கிறார்கள்.

இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. இதன் உடல் திரவத்தில் பெடெரின் என்ற நச்சு இருக்கிறது. கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று தூக்கத்தில் நாம் நசுக்கி இழுப்பதால் அந்தத் திரவம் கோடாகப் படுகிறது. உடனே எரியாது. 12 முதல் 36 மணி நேரம் கழித்துத்தான் சிவக்கும். அதனால்தான் பூச்சியையும் புண்ணையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. முழங்கை மடிப்பில் பட்டால் மடித்த இரு பக்கத்திலும் ஒரே அச்சாகப் புண் வரும். அது இந்த வண்டின் தெளிவான அடையாளம்.

மேலே ஊர்வதைப் பார்த்தால் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏறவிட்டு எடுங்கள். நசுங்கிவிட்டால் அந்த இடத்தையும் கையையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண் வீங்கிவிடும். கொப்புளத்தை உடைக்காமல் குளிர்ந்த ஒற்றடம் கொடுத்து, தோல் மருத்துவர் தரும் களிம்பைப் பூசினால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். கறுத்த தழும்பு மறைய இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும். சுண்ணாம்பு, பற்பசை, எலுமிச்சை எதுவும் தடவாதீர்கள். ஏற்கெனவே வெந்த தோல் அது.

வயலிலும் ஈர மண்ணிலும் வாழும் இந்த வண்டு நெற்பயிரின் பூச்சிகளைத் தின்னும் நல்ல வேட்டைக்காரன். வீட்டுக்குள் வரக் காரணம் வெள்ளை விளக்கு. ஜன்னலை ஒட்டிய குழல்விளக்குக்கு நேர் கீழே கட்டில் போட்டிருந்தால் நகர்த்துங்கள். மழைக்கால மாலைகளில் மஞ்சள் ஒளி எல்.இ.டி. போதும். படுக்கும்முன் விரிப்பை உதறுங்கள்.

அக்கி வேறு நோய். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். பெரும்பாலும் கொப்புளத்துக்கு முன்பே சுருக்சுருக்கென்று வலி இருக்கும். சின்னம்மைக் கிருமி பல வருடம் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப எழுவதால் வருவது அது. அதற்குரிய மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி கொண்டு அக்கி எழுதிக் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் கைவிட்டுப் போகும். வயதானவர்களுக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் தங்கிவிடக்கூடும். சந்தேகமாக இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பூஜை அறையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. வீட்டில் குழந்தை பிறக்கும் என்று மாமியார் கலைக்க விடமாட்டேன் என்கிறார். குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாக மாறும் என்பது உண்மையா?
– வாசகி, மயிலாப்பூர்

அந்தக் கூட்டில் பிள்ளை பிறப்பது மட்டும் உறுதி. குளவியின் பிள்ளை!

பெண் குளவி ஈரமண் உருண்டைகளைக் கொண்டுவந்து அறை கட்டும். பூசும்போது உடலை அதிரவைத்து மண்ணை இளக்குவதால் ரீங்காரம் கேட்கிறது. அறை முடிந்ததும் வேட்டைக்குப் போகும். விரல் விரலாக நீண்ட அறைகள் கட்டுவது சிலந்தி பிடிக்கும் குளவி. கழுத்து வைத்த சின்னப் பானை மாதிரி கட்டுவது பச்சைப்புழு பிடிக்கும் குளவி. இரையைக் கொட்டுவது கொல்வதற்கு அல்ல, அசையாமல் செய்வதற்கு. செத்தால் அழுகிவிடும். உயிரோடு மரத்துக் கிடந்தால் பல நாள் கெடாது. அறைக்குள் ஒரே ஒரு முட்டையும் நிறைய இரையும் வைத்து, வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் குளவிப் புழு அந்த இரையைத் தின்று, கூட்டுப்புழுவாகி, சுவரைத் துளைத்து வெளியே வரும்.

உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்பதைக் கூர்ந்து கவனித்தவர்கள்தான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். இடையில் முட்டை இருப்பது மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.

தனித்து வாழும் இந்தக் குளவிகள் கூட்டைக் காவல் காப்பதில்லை, கையால் பிடித்தால் ஒழியக் கொட்டுவதும் அரிது. மாமியார் சொல்படி விட்டுவிடலாம். அறைகளில் வட்டத் துளை தெரிந்தால் குஞ்சு போய்விட்டது என்று பொருள். ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டுங்கள். சாவித்துவாரம், பிளக் ஓட்டை, ஏ.சி. தண்ணீர்க் குழாய் மூன்றிலும்தான் இது தொல்லை. குழாய் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டிவையுங்கள். ஏ.சி.யிலிருந்து அறைக்குள் தண்ணீர் சொட்டினால் முதலில் அங்கே பாருங்கள்.

மரத்திலோ மாடிச் சுவரிலோ பெரிய காகிதக் கூடு கட்டும் கதண்டு வேறு ரகம். கூட்டமாகத் துரத்தும், உயிருக்கே ஆபத்தாகும். அதற்குத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு வந்தது. கட்டுவிரியனா, வேறு ஏதாவதா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மேடவாக்கம்

சென்னை வீடுகளுக்குள் பட்டையோடு வருவது பல நேரம் ஓநாய்ப் பாம்பு. வெள்ளிக்கோல் வரையன் என்றும் சொல்வார்கள். நஞ்சு இல்லாதது, பல்லி பிடிக்கச் சுவரே ஏறும். இதன் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி வால் பக்கம் மங்கும். உடல் பழுப்பு. கட்டுவிரியன் நீலம் கலந்த பளபளக்கும் கறுப்பு. வெள்ளைக் கோடுகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். தலைப் பக்கம் மங்கி அல்லது இல்லாமலே இருந்து, வால் பக்கம் தெளியும். முதுகின் நடு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும்.

இதெல்லாம் தூரத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குத்தான், குனிந்து பார்ப்பதற்கு அல்ல. பட்டை போட்ட பாம்பு எதுவானாலும் கட்டுவிரியன் என்றே நடந்துகொள்ளுங்கள். அறையில் இருப்பவர்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு 101-ஐ அழையுங்கள். வனத்துறையும் வரும். பூண்டு, பினாயில், டீசல் எதுவும் பாம்பைத் தடுக்காது. தடுப்பது வேறு: கதவடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைப்பது, கழிவுநீர்த் துளைக்கு வலை, எலி வராமல் குப்பையை மூடுவது.

கட்டுவிரியனைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அது இரவில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி வலிக்காது, வீங்காது, பல்தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, பிறகு இமை தொங்குதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்று வளர்ந்து மூச்சு நிற்கும். "இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சோடா கொடுத்துக் காத்திருந்து இழந்த உயிர்கள் உண்டு. தரையில் படுத்தவருக்குக் காலையில் இமை தொங்கினால் பாம்பைப் பார்க்காவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொண்டால் பாம்பும் நுழையாது.

கடித்தால் அந்தக் கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் மட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல், 108-இல் கொண்டுபோங்கள். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவும் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான நஞ்சை நெடுங்காலமாக எடுத்துத் தருபவர்கள் நம் பக்கத்திலேயே, வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர்.

சாம்பாரில் பல்லி விழுந்தால் விஷமா?
– வாசகி, பெரம்பூர்

இல்லை. நம் ஊர்ப் பல்லி எதற்கும் விஷம் கிடையாது. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வாந்தி பேதி வந்தால் அதனால்தான். எனவே சாம்பாரைக் கொட்டிவிடுங்கள். சமைத்ததை மூடிவையுங்கள், மேடையில் எச்சம் கிடந்த இடத்தைச் சோப்பால் துடையுங்கள். யாருக்காவது காய்ச்சலோடு பேதி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மழை பெய்த மாலை, கூடத்துக்குள்ளேயே ஈசல் கொட்டியது. வீட்டில் கரையான் இருக்கிறதா?
– வாசகர், தாம்பரம்

ஜன்னல் வழியாக விளக்குக்கு வந்திருந்தால் கவலை இல்லை. நிலைப்படி, சுவர் விரிசல், தரை ஓரம் ஆகிய இடங்களிலிருந்து புறப்பட்டிருந்தால் கரையான் வீட்டுக்குள் இருக்கிறது. முதலில் அது இறக்கை முளைத்த எறும்பா என்று பாருங்கள். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், முன் இறக்கை பின் இறக்கையைவிடப் பெரியது. ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே அளவு, இடை கிடையாது.

பலர் சுவரில் தெரியும் மண்கோட்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். வந்துபோகும் சில வேலைக்காரக் கரையான்கள்தான் சாகும். மண்ணுக்குள் இருக்கும் கூடு வேறு வழி பார்த்துக்கொள்ளும். சரியான முறை, மண்ணுக்கும் வீட்டுக்கும் நடுவே மருந்துத் தடை போடுவது. தரையும் சுவரும் சேரும் கோட்டில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை இட்டு, இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. வீதம் கலந்து, துளை ஏற்கும்வரை, அதிகபட்சம் ஒரு லிட்டர் ஊற்றி, வெள்ளை சிமெண்டால் அடைக்க வேண்டும். கரையான் தெரிந்த சுவரில் மட்டும் துளையிட்டுவிட்டுப் போகும் ஒப்பந்ததாரரிடம் பணம் கொடுக்காதீர்கள். தடை எல்லாச் சுவரிலும் தொடர்ந்து இருந்தால்தான் பயன். கிணறோ ஆழ்துளையோ அருகில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வாரந்தோறும் புகை அடிக்கிறார்கள். ஆனாலும் பகலில் கொசு கடிக்கிறதே?
– வாசகர், அண்ணா நகர்

புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். பகலில் கடிப்பது பெரும்பாலும் காலில் வெள்ளை வளையம் போட்ட ஏடிஸ், டெங்குவைப் பரப்புவது. கூவத்திலும் சாக்கடையிலும் பிறந்து இரவில் கடிப்பது கியூலெக்ஸ். ஆகவே சாக்கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏடிஸ் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் பிறந்திருக்கும்.

ஃபிரிட்ஜின் பின்தட்டு, ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் வாளி, மணிபிளான்ட் பாட்டில், மொட்டைமாடி டயர், இளநீர்க் கூடு, லிஃப்ட் குழி என்று தேடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் செய்தால் சங்கிலி அறும். மேல்நிலைத் தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வழிந்தோடும் குழாய்க்கும் வலை கட்டுங்கள். மலேரியா கொசு அங்கேதான் பிறக்கிறது.

பத்தாவது மாடி பால்கனிக்கு மேல் பெரிய தேன்கூடு. தீபாவளிக்குள் எடுத்துவிடலாமா?
– குடியிருப்போர் சங்கம், சோழிங்கநல்லூர்

திறந்த வெளியில் ஒரே அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. இடம்பெயரும் இனம், பூ குறைந்ததும் தானே கிளம்பிப் போய்விடும். ஆட்கள் நடமாடாத இடமானால் விட்டுவையுங்கள். இரவில் பால்கனி விளக்கை அணையுங்கள், இந்தத் தேனீ விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும். அந்தப் பக்கம் ராக்கெட் விடக்கூடாது என்று குழந்தைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டுமானால் அனுபவமுள்ள தேன் எடுப்பவர்களை அழையுங்கள். காவலாளியிடம் பந்தம் கொடுத்து ஏற்றாதீர்கள். தேனீ போனபின் மிஞ்சும் மெழுகைச் சுரண்டிக் கழுவினால் அதே இடத்துக்குத் திரும்பி வருவது குறையும்.

கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நின்று நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். நகமோ எதுவோ, எடுக்கும் வேகம்தான் முக்கியம். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், தலைசுற்றல், அல்லது பல இடங்களில் கொட்டு என்றால் 108.

கழிவறையில் உள்ளங்கை அளவு சிலந்தி, வயிற்றுக்கடியில் வெள்ளை வட்டத்தோடு. விஷமா? சிலந்தி பூச்சி இல்லை என்று ஆசிரியர் சொன்னார், ஏன்?
– 8-ஆம் வகுப்பு மாணவர், திருவல்லிக்கேணி

ஆசிரியர் சொன்னது சரி, தம்பி. பூச்சிக்கு ஆறு கால், மூன்று உடற்பகுதி, உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால், இரண்டு பகுதி, உணர்கொம்பு இல்லை. தேளும் உண்ணியும் அதற்குச் சொந்தம். நீ பார்த்தது வலை பின்னாமல் ஓடிப் பிடிக்கும் வேட்டைச் சிலந்தி. அந்த வெள்ளை வட்டம் அதன் முட்டைப் பை. கரப்பான்பூச்சிதான் அதன் சாப்பாடு. கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கலாம், ஆபத்து இல்லை. பயமாக இருந்தால் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடு.

தோட்டம் முழுக்கப் பெரிய நத்தைகள். செடி எதுவும் மிஞ்சவில்லை.
– வாசகி, அடையாறு

ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. மாலையில் ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ வைத்தால் விடிவதற்குள் அங்கே கூடும். கையுறையோடு பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் போட்டு, பிறகு ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். உப்பை நேரே மண்ணில் தூவினால் செடி பட்டுப்போகும். மூளையைத் தாக்கும் ஒரு புழு இந்த நத்தையில் இருக்கலாம் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது, குழந்தைகளை விளையாடவும் விடக்கூடாது. தோட்டத்துக் கீரையை நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிடுங்கள். மண்ணில் வெளிர்மஞ்சள் முட்டைக் குவியல் கிடைத்தால் அதையும் அதே வாளியில் போட்டுவிடுங்கள்.